‘நாட்டு நாட்டு’வுக்கு ஆஸ்கர் கிடைத்தது, தேசிய விருது ஏன் கிடைக்கவில்லை? திரையிசை விருதுகளின் உள்கணக்கு

2023 மார்ச்சில் ‘ஆர்.ஆர்.ஆர்.’ படத்தின் ‘நாட்டு நாட்டு’ சிறந்த பாடலுக்கான ஆஸ்கரை வென்றது. மெட்டமைத்த கீரவாணியும் (நம்மூருக்கு மரகதமணி) பாட்டெழுதிய சந்திரபோஸும் மேடையேறிச் சிலையை வாங்கினார்கள். ஐந்து மாதம் கழித்து 69ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. கீரவாணிக்கு அதே படத்துக்காக விருது இருந்தது, ஆனால் பின்னணி இசைக்கு. பாடல்களுக்கான விருதை ‘புஷ்பா’வுக்காக தேவி ஸ்ரீ பிரசாத் தட்டிச் சென்றார். சந்திரபோஸும் சிறந்த பாடலாசிரியர் ஆனார், ‘கொண்ட பொலம்’ படத்தில் எழுதிய பாட்டுக்காக. ‘நாட்டு நாட்டு’வைப் பாடிய இருவரில் ஒருவரான கால பைரவாவுக்குச் சிறந்த பாடகர் விருது வந்தது, அதுவும் அதே படத்தின் வேறொரு பாட்டுக்கு.

உலகமே ஆடிய பாட்டை உள்ளூரில் ஒதுக்கிவிட்டார்கள் என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். நடுவர்களின் ரசனை ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு விருதுகளும் வெவ்வேறு பொருளை, வெவ்வேறு தராசில் நிறுக்கின்றன என்பதுதான் முக்கியக் காரணம். ஆண்டுக் கணக்கே வேறு: தேசிய விருது தணிக்கைச் சான்று பெற்ற ஆண்டைப் பார்க்கும், ஆஸ்கர் அமெரிக்கத் திரையரங்கில் ஓடிய ஆண்டைப் பார்க்கும். 2022 மார்ச்சில் வெளியான ‘ஆர்.ஆர்.ஆர்.’ தேசிய விருதில் 2021ஆம் ஆண்டுப் படமாக நின்றது இப்படித்தான். ஆஸ்கரில் ஒருவர் ஒரு தனிப் பாட்டுக்குப் போட்டியிடுகிறார். இங்கே பாடல் பிரிவில் ஒருவர் அந்தப் படத்தின் பாடல்கள் மொத்தத்துக்கும் போட்டியிடுகிறார். ஒரு பாட்டு ஊரைக் கலக்கினாலும் மற்றவையும் சேர்ந்துதான் எடை போடப்படும்.

படத்தில் கேட்கும் இசை எத்தனை வகை?

விருதுப் பட்டியல்களைப் படிக்க மூன்று சொற்கள் தெளிவாக இருந்தால் போதும்.

1. பாடல்: மெட்டும் வரிகளும் சேர்ந்த தனி உருப்படி. படத்தை விட்டு வெளியே வந்து வானொலியிலும் கல்யாண மண்டபத்திலும் தனியாக வாழக்கூடியது.

2. பின்னணி இசை: காட்சிக்கு அடியில் ஓடுவது. சென்னை ஸ்டுடியோக்களில் இதற்கு வழங்கும் பெயர் ரீரெகார்டிங், சுருக்கமாக ஆர்.ஆர். இப்போதைய ரசிகர்களுக்கு பிஜிஎம்.

3. இரவல் இசை: இந்தப் படத்துக்காகச் செய்யப்படாமல், ஏற்கெனவே இருந்து எடுத்துப் போடப்பட்டது. பழைய பாட்டு, மேற்கத்திய சாஸ்திரிய இசைத் துண்டு, நாட்டார் மெட்டு எல்லாம் இதில் அடங்கும்.

தமிழிலும் தெலுங்கிலும் ‘இசையமைப்பாளர்’ என்றால் முதல் இரண்டையும் செய்கிறவர். ஹாலிவுட்டில் இந்த இரண்டும் பெரும்பாலும் இரண்டு பேரின் வேலை. அங்கே ‘கம்போஸர்’ என்று டைட்டிலில் வருகிறவர் பின்னணி இசைக்காரர். படத்தில் ஒரு பாட்டு வந்தால் அது வேறொருவருடையதாக இருக்கலாம். ஆகவே ஆஸ்கரில் இரண்டு விருதுகள் தொடக்கத்திலிருந்தே தனித்தனி. 1934ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முதலாக இசை விருது தந்தபோதே பாடலுக்கு ஒன்று, இசைக்கோப்புக்கு (அதாவது பின்னணி இசைக்கு) ஒன்று என்று பிரித்துவிட்டார்கள்.

ஒரு வேடிக்கை: முதல் நான்கு ஆண்டுகள் இசைக்கோப்பு விருது இசையமைத்தவருக்குப் போகவில்லை. ஸ்டுடியோவின் இசைத் துறைத் தலைவருக்குப் போனது. தொழிற்சாலையில் செய்த பொருளுக்கு மேலாளரைப் பாராட்டுவதுபோல. ‘யார் படைப்பாளி’ என்ற கேள்வி அந்த விருதோடு கூடப் பிறந்தது, இன்றுவரை தீரவில்லை.

தேசிய விருது: ஒன்று இரண்டானது

நம் தேசிய விருதில் இசையமைப்புப் பிரிவு 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்குகிறது. முதல் விருதே தமிழ்ப் படத்துக்கு: ‘கந்தன் கருணை’, கே.வி. மகாதேவன். அடுத்து 40 ஆண்டுகளுக்கு மேல், ஒரே ஒரு விலக்கு தவிர, ஒரே விருதுதான். பாடலுக்கா, ஆர்.ஆருக்கா என்று அதில் பிரிவு கிடையாது. 1973ஆம் ஆண்டு விருது ‘அஷானி சங்கேத்’ படத்துக்காக சத்யஜித் ராய்க்குப் போனது. பஞ்சத்தைப் பற்றிய அந்தப் படத்தில் நாம் பழகிய ஆறு பாட்டுக் கணக்கெல்லாம் கிடையாது. 1979இல் ‘சங்கராபரணம்’, அங்கே பாட்டுத்தான் படமே. இந்த இரண்டையும் ஒரே பெயருள்ள விருது எப்படி அளந்தது என்பது நடுவர்களுக்கே வெளிச்சம்.

அந்த விலக்கு 1994இல் வந்தது. ‘சுகிர்தம்’ என்ற மலையாளப் படத்தின் பின்னணி இசைக்கு ஜான்சன் விருது பெற்றார், பாடல்களுக்கு ரவி பெற்றார். அதன்பின் பழையபடி ஒன்றாகி, 2009ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் பிரிவு நிலைத்தது. அந்த முறை பாடல் விருது ‘தேவ் டி’க்காக அமித் திரிவேதிக்கு, பின்னணி இசை விருது ‘பழசி ராஜா’வுக்காக இளையராஜாவுக்கு.

இளையராஜாவின் ஐந்து தேசிய விருதுகளை இந்தக் கோட்டின் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். ‘சாகர சங்கமம்’, ‘சிந்து பைரவி’, ‘ருத்ரவீணை’ மூன்றும் ஒற்றை விருதுக் காலத்தவை. மூன்றும் இசையையோ நடனத்தையோ கதையாகவே கொண்ட படங்கள். ‘பழசி ராஜா’வும் ‘தாரை தப்பட்டை’யும் பின்னணி இசைக்கு. ஆர்.ஆரில் அவர் செய்ததைத் தமிழ் ரசிகன் எழுபதுகளின் பிற்பகுதியிலேயே கண்டுகொண்டான். அதற்கென்று தனிப் பெயருள்ள விருது அவருக்குக் கிடைக்க 2009 வரை ஆயிற்று.

ஏ.ஆர். ரஹ்மானின் ஏழும் இதேபோலப் பிரியும். ‘ரோஜா’, ‘மின்சார கனவு’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ நான்கும் ஒற்றை விருது. 2017ஆம் ஆண்டுக்கு ‘காற்று வெளியிடை’ பாடல்களுக்கு ஒன்று, ‘மாம்’ இந்திப் படத்தின் பின்னணி இசைக்கு ஒன்று என்று இரண்டையும் ஒரே மூச்சில் வாங்கினார். ஏழாவது ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தின் பின்னணி இசைக்கு.

பிரித்தது சரியென்றே தோன்றுகிறது. ஆனால் நம் படங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் பாதியில் நாயகி பாடிய பல்லவி, இரண்டாம் பாதியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒற்றைப் புல்லாங்குழலாக, பாதி வேகத்தில் வரும். வரிகள் இல்லை, தாளம் இல்லை. தியேட்டரில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். அந்த இரண்டு நிமிடம் பாடலா, பின்னணி இசையா? மெட்டு பாடலுடையது, வேலை பின்னணி இசையுடையது. பாடலும் ஆர்.ஆரும் ஒரே கையிலிருந்து வரும்வரை பிரச்சினை இல்லை. பாடல் ஒருவர், ஆர்.ஆர். இன்னொருவர் என்று வேலை பிரியும் படங்களில் இது நிஜமான தாவா.

ஆஸ்கர்: ‘அசல்’ என்ற சொல்லின் பாரம்

ஆஸ்கரின் இரண்டு இசை விருதுகளின் பெயரிலும் ‘அசல்’ என்ற சொல் நிற்கிறது. நல்ல இசையா என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் படத்துக்காகவே பிறந்த இசையா என்று கேட்கிறார்கள். பின்னணி இசைப் பிரிவில் இதற்குச் சதவீதக் கணக்கே உண்டு. 2020இல் அறிவித்த விதிப்படி படத்தில் ஒலிக்கும் மொத்த இசையில் 60 சதவீதமாவது அசலாக இருக்க வேண்டும். அடுத்த ஆண்டே அதை 35 சதவீதமாகக் குறைத்தார்கள்.

இதைக் கணக்கிட உதவுவது க்யூ ஷீட் என்ற அட்டவணை. படத்தில் இசை எங்கே தொடங்குகிறது, எத்தனை நொடி ஓடுகிறது, யாருடையது, பாட்டாக வருகிறதா அடியில் ஓடுகிறதா என்று வரிவரியாக எழுதியிருக்கும். கற்பனையாக ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மொத்த இசை 80 நிமிடம். அதில் வேறு நான்கு பேர் போட்ட பாட்டுகள் 30 நிமிடம், பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்தது 10 நிமிடம், நம் ஆள் எழுதிய பின்னணி இசை 40 நிமிடம். அதாவது 50 சதவீதம். பழைய விதியில் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். புதிய விதியில் உள்ளே வரலாம். ஒரு நொடி இசைகூட மாறவில்லை.

சதவீதம் போக இன்னொரு விதியும் உண்டு: பாடல்களோ இரவல் இசையோ மேலோங்கி, பின்னணி இசையின் தாக்கம் நீர்த்துப்போயிருந்தால் தகுதி இல்லை. இதற்கு எண் அளவு கிடையாது, இசைப் பிரிவுக் குழுவின் காதுதான் அளவு. ‘அரைவல்’ படத்துக்காக ஐஸ்லாந்தின் யோஹான் யோஹான்சன் செய்த இசை இந்த வாசலில்தான் சிக்கியது. படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மாக்ஸ் ரிக்டரின் பழைய படைப்பு ஒன்று ஒலிக்கும். எது யாருடையது என்று கேட்பவர்கள் குழம்புவார்கள் என்று விலக்கிவிட்டார்கள். ‘பிளாக் ஸ்வான்’ படத்தில் மேற்கத்திய சாஸ்திரிய இசை மேதை சைகோவ்ஸ்கி புகுந்ததால் அதன் இசையமைப்பாளர் கிளின்ட் மான்செல் வெளியே நின்றார். பாட்டுகள் நிறைந்த இந்தியப் படம் பின்னணி இசைப் பிரிவில் நுழைவது ஏன் கடினம் என்பது இப்போது புரியும்.

இந்த விதி தன் காலைத் தானே வாரிக்கொண்ட ஆண்டு ஒன்று உண்டு. 1972இல் வெளியான ‘காட்ஃபாதர்’ படத்தின் இசை உலகுக்கே தெரியும். நினோ ரோட்டா பரிந்துரைப் பட்டியலில் இருந்தார். பிறகு, அந்தக் காதல் மெட்டை 1958ஆம் ஆண்டு ‘ஃபார்ச்சுனெல்லா’ என்ற இத்தாலியப் படத்தில் அவரே பயன்படுத்தியிருக்கிறார் என்று தெரியவந்தது. திருட்டு இல்லை, சொந்தச் சரக்கு. ஆனாலும் அசல் இல்லை என்று பரிந்துரையை விலக்கினார்கள். சரி, அந்த ஆண்டு விருது யாருக்கு? சார்லி சாப்ளினுக்கும் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், ‘லைம்லைட்’ படத்துக்காக. அது 1952ஆம் ஆண்டுப் படம்! அரசியல் எதிர்ப்பால் லாஸ் ஏஞ்சலிஸில் அதுவரை முறையாகத் திரையிடப்படாததால், 20 வயதான அந்த இசை விதிப்படி புத்தம்புதியது ஆனது. இரண்டு ஆண்டு கழித்து ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம் அதே மெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. ரோட்டாவுக்கும் கார்மைன் கப்போலாவுக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

பிரிவைக் கூட்டுவதும் குறைப்பதும் முடிவை மாற்றும் என்பதற்கு இன்னொரு காலகட்டத்தைச் சொல்ல வேண்டும். 1989 முதல் டிஸ்னியின் பாட்டு நிறைந்த கார்ட்டூன் படங்கள் பின்னணி இசை விருதை அள்ளின. ஆலன் மென்கென் மூன்று முறை, பிறகு ‘லயன் கிங்’குக்கு ஹான்ஸ் சிம்மர். மற்றவர்கள் முணுமுணுக்க, 1995 முதல் 1998 வரையிலான படங்களுக்கு விருதை இரண்டாக்கினார்கள்: நாடகப் படத்துக்கு ஒன்று, இசைப்படம் அல்லது நகைச்சுவைப் படத்துக்கு ஒன்று. அந்த நான்கே ஆண்டில் ரேச்சல் போர்ட்மன், ஆன் டட்லி என்று இரண்டு பெண்கள் ஜெயித்தார்கள், இருவரும் இரண்டாவது பிரிவில். பிரிவு மறுபடி ஒன்றானது. அடுத்த பெண்ணின் பெயரைப் படிக்க 2020 ஆகிவிட்டது: ‘ஜோக்கர்’ படத்துக்காக ஹில்டுர் குட்னடோட்டிர்.

பாட்டு யாருடையது?

ஆஸ்கர் பாடல் விருது மெட்டமைத்தவருக்கும் எழுதியவருக்கும் மட்டும். பாடியவருக்கு இல்லை. ‘நாட்டு நாட்டு’வை ராகுல் சிப்லிகஞ்சும் கால பைரவாவும் ஆஸ்கர் மேடையில் பாடினார்கள்; சிலை அவர்களுக்கு இல்லை. பாட்டுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: படத்தின் உடலுக்குள் தெளிவாகக் கேட்க வேண்டும், அல்லது முடிவில் பெயர்கள் ஓடத் தொடங்கும்போது முதல் இசையாக வர வேண்டும். பெயர்கள் பாதி ஓடி, கூட்டம் பார்க்கிங்குக்குப் போன பிறகு வரும் பாட்டு செல்லாது.

அதே பாட்டு இன்னொரு விருதுக்குப் போனால் படைப்பாளிகளின் எண்ணிக்கையே மாறலாம். ‘ஜெய் ஹோ’வுக்கு ஆஸ்கர் இருவருக்கு: ரஹ்மான், குல்ஸார். அமெரிக்க இசைத் துறையின் விருதான கிராமியில் அதே பாட்டுக்கு மூவர்: ரஹ்மான், குல்ஸார், தன்வி ஷா. பாட்டில் வரும் ஸ்பானிய வரிகளை எழுதியவர் சென்னைப் பாடகி தன்வி. கிராமியின் கணக்கில் அவரும் பாட்டெழுதியவர்.

பாடகருக்கு என்ன பங்கு என்ற சண்டை நம் நாட்டிலும் பழையது. ஐம்பதுகளில் ஃபிலிம்ஃபேர் ‘சோரி சோரி’ படத்துக்காக சங்கர்-ஜெய்கிஷனுக்கு விருது தந்தபோது, விழாவில் பாட லதா மங்கேஷ்கர் மறுத்துவிட்டார். இசையமைப்பாளருக்குத்தானே விருது, அவரே வாசித்துக்கொள்ளட்டும் என்பது அவர் வாதம். அதன் விளைவாக 1959இல் பின்னணிப் பாடகர் விருது வந்தது.

ஆஸ்கர் பாடல் பரிந்துரையில் தமிழ் ஒலித்ததும் உண்டு. 2012இல் வெளியான ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் தாலாட்டுக்கு பாம்பே ஜெயஸ்ரீ, மைக்கேல் டான்னாவோடு சேர்ந்து பரிந்துரைக்கப்பட்டார். பாடியதற்காக இல்லை, வரிகளை எழுதியதற்காக. உடனே கேரளத்திலிருந்து ஒரு புகார் கிளம்பியது: மலையாளக் கவி இரயிம்மன் தம்பியின் ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ தாலாட்டின் வரிகளை இது ஒத்திருக்கிறது என்று. ஜெயஸ்ரீ மறுத்தார், பரிந்துரையும் நிலைத்தது. கண்ணே, மலரே, மயிலே, குயிலே என்று தாய்மார்கள் நூற்றாண்டுகளாகச் சொல்லும் சொற்களில் அசலைத் தேடுவது என்ன நியாயம் என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

சின்னத்திரைக்கு வேறு அளவுகோல்

தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் இசையை இன்னும் நுணுக்கமாக நறுக்குகின்றன. நீள்தொடரின் பின்னணி இசைக்கு ஒன்று, குறுந்தொடருக்கு ஒன்று, ஆவணப்படத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, முகப்பு இசைக்கு ஒன்று. 2017 முதல் மியூசிக் சூப்பர்வைசருக்கும் உண்டு. எந்தக் காட்சிக்கு எந்தப் பழைய பாட்டு என்று தேர்ந்தெடுத்து உரிமம் வாங்குவது அவர் வேலை. ஆஸ்கர் இரவல் இசைக்காகத் தண்டிக்கிறது, எம்மி இரவலை நன்றாக எடுத்தவருக்குப் பரிசு தருகிறது.

முகப்பு இசைக்குத் தனி விருது தருவது காரணமில்லாமல் இல்லை. ஒரு படத்தின் டைட்டில் இசையை ஒருமுறை கேட்போம். தொடரின் முகப்பை வாரம்தோறும், வருடக்கணக்கில். ‘சக்ஸஷன்’ தொடருக்காக நிக்கலஸ் பிரிட்டல் 2019இல் இதை வாங்கினார். 2022இல் ‘ஒயிட் லோட்டஸ்’ தொடருக்காக கிறிஸ்டோபல் தாபியா தெ வீர் முகப்பு இசைக்கும் பின்னணி இசைக்குமாக இரண்டையும் பெற்றார். ‘முகப்பைத் தாண்டு’ என்று பொத்தான் வைத்திருக்கும் காலத்தில் அந்தப் பொத்தானைத் தொடவிடாமல் செய்வதே ஒரு சாதனை.

‘ஜோக்கர்’ ஆஸ்கருக்குச் சில மாதம் முன்பு ஹில்டுர் எம்மியும் வாங்கியிருந்தார், ‘செர்னோபில்’ குறுந்தொடருக்காக. லிதுவேனியாவில் மூடப்பட்ட இக்னலினா அணுமின் நிலையத்துக்குள் போய், அங்கே கதவுகளும் எந்திரங்களும் எழுப்பும் ஒலிகளைப் பதிவு செய்து, அவற்றிலிருந்தும் தன் குரலிலிருந்தும் இசையைச் செய்தார். வாத்தியக் குழு இல்லை.

யார் கையில் ஓட்டு?

விருது என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நடைமுறைகள் ஒளிந்திருக்கின்றன.

1. சக தொழிலாளர் ஓட்டு. ஆஸ்கரில் இசைப் பிரிவு உறுப்பினர்கள் ஐந்து பேரைப் பரிந்துரைப்பார்கள். இறுதி ஓட்டு நடிகர், எடிட்டர், ஒப்பனையாளர் உட்பட எல்லா உறுப்பினருக்கும். தொழில் தெரிந்தவர் வடிகட்டுகிறார், தெரியாதவரும் சேர்ந்து முடிவெடுக்கிறார். இதில் பிரச்சார ஆசை வரும். 2014இல் ‘அலோன் யெட் நாட் அலோன்’ பாட்டுக்குப் பரிந்துரை பெற்ற புரூஸ் பிராட்டன், ஆஸ்கர் தரும் அகாடமியின் முன்னாள் நிர்வாகக் குழு உறுப்பினர், தன் பாட்டைக் கவனிக்கும்படி சக உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது தெரியவந்தது. பரிந்துரை ரத்து, அந்த ஆண்டு களத்தில் நான்கு பாட்டுகள்தான்.

2. நடுவர் குழு. நம் தேசிய விருது இந்த வகை. மண்டலக் குழுக்கள் வடிகட்ட, மத்தியக் குழு முடிவு செய்யும். ஓட்டு வேட்டை குறைவு. ஆனால் ஒரு சிறு குழுவின் காது அந்த ஆண்டு எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது.

3. எண்ணிக்கை. அமெரிக்காவில் ஆஸ்காப், பி.எம்.ஐ. என்ற அமைப்புகள் இசை ஒலிக்கும் இடங்களிலிருந்து ராயல்டி வசூலித்துப் படைப்பாளிகளுக்குப் பிரித்துத் தருபவை. இங்கே 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். செய்யும் வேலை. அவை திரை, தொலைக்காட்சி இசைக்கு ஆண்டுதோறும் தரும் விருதுகளில் பல, வசூலில் முன்னின்ற படம், அதிகம் ஒலித்த முகப்பு இசை என்ற கணக்கில் போகின்றன. இதில் தகராறுக்கே இடமில்லை, ஆச்சரியத்துக்கும் இடமில்லை.

அடிக்கடி கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

இந்தியாவின் அதிகாரபூர்வ பரிந்துரையே இல்லாமல் ‘ஆர்.ஆர்.ஆர்.’ எப்படி ஆஸ்கருக்குப் போனது? நாடு அனுப்ப வேண்டியது சர்வதேசப் படப் பிரிவுக்கு மட்டும். அந்த ஆண்டு போனது ‘செல்லோ ஷோ’ என்ற குஜராத்திப் படம். மற்றப் பிரிவுகளுக்கு, குறிப்பிட்ட அமெரிக்க நகரங்களில் ஒன்றில் வணிகத் திரையரங்கில் தொடர்ந்து 7 நாள் ஓடி, விண்ணப்பித்தால் போதும். அதன்பின் ஓட்டுப் போடுகிறவர்களைப் படம் பார்க்க வைக்கும் செலவு தனி.

‘அவருக்கு ஏன் கொடுக்கவில்லை?’ என்பது இரண்டாவது. இளையராஜாவுக்கு ஏன் ஆஸ்கர் இல்லை என்றால், பெரும்பாலும் விதியிலேயே விடை கிடைக்கும்: அமெரிக்க வெளியீடு, விண்ணப்பம், பாடல் மிகுந்த படங்களுக்கு இருக்கும் தடை. ஆனால் எம்.எஸ். விஸ்வநாதனுக்கு ஒரு தேசிய விருதுகூடக் கிடைக்கவில்லை என்பதற்கு விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பயனில்லை. பிரிவு இருந்தது, அவர் மொழிக்கு இடம் இருந்தது, முதல் விருதே தமிழுக்கு வந்தது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு குழுவும் அந்தந்த ஆண்டு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது, அவ்வளவுதான்.